‘தேய்மானம்’ என்ற சொல்லும் மிதிவண்டி என்ற மாற்றும்

முழங்கால் வலிக்காக மருத்துவரைக் கண்டு திரும்பும் தமிழர் வீட்டாரிடம் முதலில் சொல்லும் சொல் பெரும்பாலும் ‘தேய்மானம்’ என்பதாகவே இருக்கும். கணக்கியலில் இச்சொல், வாங்கிய இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போவதைக் குறிக்கும். அதே பொருளோடுதான் அது உடலைப் பற்றிய பேச்சிலும் நுழைந்திருக்கிறது. மூட்டு தேய்ந்துவிட்டது, பயன்படுத்தப் பயன்படுத்த மேலும் தேயும், ஆகவே பயன்படுத்தாமல் இருப்பதே அதைக் காக்கும் வழி. இந்த மூன்று கூற்றுகளில் முதலாவது பாதி உண்மை. இரண்டாவது பெரும்பாலும் பிழை. மூன்றாவது தீங்கு.

இந்தத் தீங்கை மும்பையில் அன்றாடம் காணலாம். 2004இல் மும்பை மாரத்தான் தொடங்கிய பிறகு, ஓட்டம் இந்நகரின் நடுத்தர வர்க்க வாழ்வில் ஒரு பழக்கமாக வேரூன்றியது. மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களைச் சுற்றியும் செம்பூரின் உட்சாலைகளிலும் விடியற்காலையில் ஓடுவோரில் பேராசிரியர்களும் வங்கி ஊழியர்களும் ஆய்வு மாணவர்களும் உண்டு. அவர்களுள் ஒருவருக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயதில் முழங்கால் வீங்குகிறது. ‘ஓடியதால் வந்த தேய்மானம்’ என்று சுற்றத்தார் தீர்ப்பளிக்கின்றனர். காலணி அலமாரிக்குள் போகிறது. ஓட்டம் நின்ற ஓராண்டில் எடை ஏறுகிறது. தொடைத் தசை மெலிகிறது. இரத்தச் சர்க்கரை எல்லையைத் தொடுகிறது. எந்த முழங்காலைக் காப்பதற்காக ஓய்வு மேற்கொள்ளப்பட்டதோ, அதே முழங்கால் இப்போது கூடுதல் எடையைக் குறைந்த தசைவலிமையோடு தாங்கவேண்டியதாகிறது.

ஓட்டம்தான் மூட்டை அழிக்கிறது என்ற நம்பிக்கைக்கு ஆய்வுகள் அவ்வளவாகத் துணைநிற்பதில்லை. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுவோரிடையே இடுப்பு, முழங்கால் மூட்டுவாதம் 3.5 விழுக்காடாகவும், ஓடாமல் அமர்ந்தே வாழ்வோரிடையே 10.2 விழுக்காடாகவும், போட்டி ஓட்டக்காரர்களிடையே 13.3 விழுக்காடாகவும் இருந்தது. மூட்டு கெட்டவர்கள் முன்னரே ஓட்டத்தைக் கைவிட்டிருக்கக்கூடும் என்பதால், இந்த எண்களை மட்டும் கொண்டு ஓட்டமே மூட்டைக் காத்தது என்று முடிவுகட்ட இயலாது. எனினும் ‘ஓடினால் தேயும்’ என்ற எளிய சமன்பாடு இவற்றின் முன் நிற்பதில்லை. 2021இல் தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் முழங்காலில் கடுங்காயம் அடைந்தவர். அதன் பின்னரே ஓடத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை நிறைவுசெய்தவர்.

ஆனால் அவரை எல்லோருக்கும் அளவுகோலாக்குவதும் பிழையே. காயமுற்ற முழங்கால்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல. மெனிஸ்கஸ் எனப்படும் பிறைவடிவக் குருத்தெலும்பு கிழிந்தவர், முழங்கால் சில்லின் பின்புறம் வலிப்பவர், மூட்டுவாதம் தொடங்கிவிட்டவர் ஆகிய பலருக்கும், ஒவ்வோர் அடியிலும் தரையிலிருந்து எழும் அதிர்ச்சி தாங்கமுடியாததாக இருக்கிறது. இவர்கள் முன் இரண்டே வழிகள் இருப்பதாக நம் பேச்சுவழக்கு கருதிக்கொள்கிறது: வலியைப் பொருட்படுத்தாமல் ஓடுவது, அல்லது அசைவைக் குறைத்து அமர்ந்துவிடுவது. முதலாவது வீரமாகவும் இரண்டாவது விவேகமாகவும் போற்றப்படுகின்றன. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அசைவை விடாமல், அசையும் முறையை மட்டும் மாற்றிக்கொள்வது. முழங்காலைப் பொறுத்தவரை அந்த மாற்றுகளுள் மிக எளிதில் கைக்கெட்டுவது மிதிவண்டி.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள மூட்டு இயந்திர உறுப்பன்று என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டு அழுந்தும்போதும் தளரும்போதும் சுற்றியுள்ள மூட்டுநீர் அதனுள் புகுந்து வெளியேறுவதன் வழியாகவே அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. அசைவற்ற மூட்டு காக்கப்பட்ட மூட்டன்று. அது பட்டினி கிடக்கும் மூட்டு. எனவே வேண்டியது சுமையே இல்லாத நிலையன்று. தாங்கத்தக்க சுமை, மீண்டும் மீண்டும், ஒழுங்கான இடைவெளியில்.

அந்தச் சுமை எவ்வளவு என்பதை நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். பெர்லின் சாரிதே மருத்துவமனையின் ஆய்வாளர்கள், உணரிகள் பொதிந்த செயற்கை முழங்கால் மூட்டுகளை நோயாளிகளுக்குப் பொருத்தி, அன்றாட அசைவுகளின்போது மூட்டுக்குள் ஏற்படும் விசையைப் பதிவுசெய்தனர். சமதளத்தில் நடக்கும்போது அது உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. படியிறங்கும்போது மூன்று மடங்கைத் தாண்டுகிறது. மிதமான விசையில் மிதிவண்டி மிதிக்கும்போதோ உடல் எடையைவிடச் சற்றே கூடுதல். செம்பூர் செடா நகரில் 108 படி ஏறி முருகனைத் தொழுவோர், ஏறும்போதைவிட இறங்கும்போதே முழங்கால் அதிகம் வலிப்பதாகச் சொல்வதன் காரணம் இந்த எண்களில் இருக்கிறது. ஓட்டத்தின் சுமை நடையினதைவிடவும் அதிகம். மிதிவண்டியில் உடலின் எடையை இருக்கை ஏற்றுக்கொள்கிறது. தரையில் மோதும் அதிர்ச்சி இல்லை. ஆனால் தொடைத் தசை உழைக்கிறது, இதயம் உழைக்கிறது, மூட்டு மடங்கி நீள்கிறது.

2024இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 2,600க்கும் மேற்பட்டோரிடம் அவர்களது வாழ்நாள் மிதிவண்டிப் பழக்கத்தைக் கேட்டறிந்தது. ஏதேனும் ஒரு பருவத்தில் மிதிவண்டி ஓட்டியவர்களிடம் அடிக்கடி வரும் முழங்கால் வலி 17 விழுக்காடும், வலியோடு கூடிய மூட்டுவாதம் 21 விழுக்காடும் குறைவாகக் காணப்பட்டன. இது நினைவின் அடிப்படையிலான அவதானிப்பு ஆய்வு, காரணத்தை நிறுவுவதன்று. ஆயினும் மூட்டின் உயிரியல் சொல்வதோடு இது முரண்படவில்லை. மறுபுறம், வயதால் நைந்த மெனிஸ்கஸ் கிழிசலுக்கு நுண்துளை அறுவை செய்வது, அறுவை செய்ததுபோல் நடிப்பதைவிடக் கூடுதல் பயன் எதையும் தரவில்லை என்று 2013இல் பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். அத்தகைய கிழிசலுடையோர் பலருக்கு முதல் மருந்து உடற்பயிற்சியே என்ற கருத்து அதன் பின்னர் வலுப்பெற்றது.

ஓட்டத்திலிருந்து மிதிவண்டிக்கு மாறுவதைத் தோல்வியாகக் கருதும் மனப்பான்மை ஓட்டக்காரர்களிடம் உண்டு. கனடாவின் மைக்கேல் வுட்ஸ் இளம் வயதில் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடியவர். பாத எலும்பில் மீண்டும் மீண்டும் ஏற்பட்ட விரிசல் அவரது ஓட்ட வாழ்வை முடித்துவைத்தது. காயம் ஆறும் காலத்தில் தொடங்கிய மிதிவண்டிப் பழக்கம் அவரை 2023 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், பூய் டி டோம் மலையுச்சியில் முடிந்த கட்டத்தின் வெற்றிவரை கொண்டுசென்றது. அவருடைய காயம் முழங்காலில் இல்லை. மாட்டுங்கா ஓட்டக்காரருக்கு மலையுச்சியும் தேவையில்லை. ஓட்டத்தில் ஈட்டிய இதயவலிமையும் ஒழுக்கமும் இன்னோர் அசைவுக்குள் முழுமையாக இடம்பெயரக்கூடியவை என்பதற்கு மட்டும் அவர் சான்று.

இதில் கவனிக்கவேண்டியவையும் உண்டு. இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் அளவுக்குமேல் மடங்கி முன்புறம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் பின்புறம் இழுக்கும். மிதி கீழ்முனையில் நிற்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை அளவில் மடங்கியிருப்பது பொருத்தம். கடினமான கியரில் அழுத்தி மிதிப்பதைவிட இலகுவான கியரில் விரைந்து மிதிப்பதே காயமுற்ற மூட்டுக்கு உகந்தது. மிதிவண்டி எலும்புக்குப் போதிய சுமை தருவதில்லை என்பதால், நடையையும் எடைப் பயிற்சியையும் அறவே விட்டுவிடக் கூடாது. முழங்கால் திடீரெனப் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் நழுவி மடிந்தாலோ, வீக்கம் வற்றாமலிருந்தாலோ மருத்துவரைக் காண்பதே முறை. இவையெல்லாம் தனிமனிதர் கற்றுக்கொள்ளக் கூடியவை. தனிமனிதர் கையில் இல்லாத இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று உழைப்பு, மற்றொன்று சாலை.

உழைப்பைப் பற்றிப் பேசத் தாராவிக்குச் செல்லவேண்டும். மத்திய ரயில்பாதைக்கும் மேற்கு ரயில்பாதைக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும் அப்பகுதியில், விடியுமுன் இட்லி அவித்து, கனத்த அலுமினியப் பாத்திரத்தை மிதிவண்டியின் பின்புறம் கட்டி, சட்னியும் சாம்பாரும் தொங்கவிட்டு, ஒலிப்பானை அழுத்தியபடி நகரெங்கும் செல்லும் தமிழர்கள் உண்டு. மும்பையில் மிதிவண்டியைப் பற்றி எவரேனும் பேசத் தகுதியுடையவர் என்றால் அவர்களே. ஆனால் அவர்களது மிதிவண்டிக்கு ஒரே கியர். காலூன்றி அடிக்கடி நிற்கவேண்டியிருப்பதால் இருக்கை தாழ்ந்திருக்கும். பாரத்தோடு மேம்பாலம் ஏறும்போது, முழங்கால் ஆழமாக மடங்கிய நிலையில் முழு விசையும் அதன்மேல் விழும். மாட்டுங்காவின் பேராசிரியருக்கு மருந்தாகும் அதே கருவி, இவருக்கு மூட்டு வலியின் காரணமாகக்கூடும். தோல் பட்டறைகளிலும் தையற்கூடங்களிலும் உழைப்போர்க்கு மிதிவண்டிகூட இல்லை. நெடுநேரம் குந்தியமர்ந்தும் பாரம் தூக்கியும் செய்யும் வேலை முழங்கால் மூட்டுவாதத்தின் அபாயத்தைக் கூட்டும் என்பது தொழில்சார் மருத்துவம் நெடுநாளாகக் கூறிவரும் உண்மை. ஆகவே ‘ஓட்டத்தை விட்டு மிதிவண்டிக்கு மாறுங்கள்’ என்ற அறிவுரை, அசைவு ஓய்வுநேரச் செயலாக இருப்பவர்களுக்கானது. அசைவே கூலியாக இருப்பவர்களுக்கு வேண்டியது வேறு: குறைந்த பாரம், கியர் உள்ள வண்டி, நின்று இளைப்பாற இடம், கூலி இழப்பில்லாத சிகிச்சை. முழங்கால் நலம் பற்றிய எழுத்துகளில் இந்த வேறுபாடு அரிதாகவே இடம்பெறுகிறது.

சாலை இருவருக்கும் பொது. இருவருக்கும் அது மறுக்கப்பட்டிருக்கிறது. மித்தி ஆற்றின் ஒரு கரையில் தாராவி. மறுகரையில் பாந்த்ரா குர்லா வளாகம். 2011இல் அவ்வளாகத்தில் கோடிக்கணக்கான ரூபாய்ச் செலவில் மிதிவண்டித் தடம் அமைக்கப்பட்டது. வளாகத்துக்குள்ளேயே சுற்றிவந்து, வீட்டிலிருந்தோ ரயில் நிலையத்திலிருந்தோ எவரையும் கொண்டுவந்து சேர்க்காத அத்தடம், வண்டிகள் நிறுத்துமிடமாக மாறிப் பயனிழந்தது. பயன்படுத்துவோர் இல்லை என்பதே பிறகு அதை அகற்றிச் சாலையை அகலப்படுத்துவதற்கான வாதமாயிற்று. அதை ஒட்டிய ஆண்டுகளில் நகரம் கட்டிய பெரும்பாலங்களை எண்ணிப் பார்க்கலாம். 2009இன் பாந்த்ரா வொர்லி கடற்பாலம், 2024இன் கடற்கரைச் சாலை, அதே ஆண்டில் திறக்கப்பட்ட அடல் சேது. இவற்றுள் எதிலும் மிதிவண்டிக்கு அனுமதியில்லை. தாராவியைச் சயானோடு இணைத்த பழைய ரயில் மேம்பாலமோ மறுகட்டுமானத்துக்காக 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. மோட்டார் வண்டிக்குச் சுற்றுவழி சில நிமிடத் தாமதம்; பாரம் ஏற்றிய மிதிவண்டிக்கு அது கூடுதல் உழைப்பு.

எந்தத் தடமும் நல்ல தடம் என்று கொள்வதற்கும் இல்லை. நகருக்குக் குடிநீர் கொண்டுவரும் தான்சா குழாய்களை ஒட்டி, முலுந்து முதல் நகரின் உட்பகுதிவரை 39 கிலோமீட்டர் நீள மிதிவண்டித் தடம் அமைக்க மாநகராட்சி திட்டமிட்டது. அத்தடத்துக்கான நிலம் வெற்றுநிலமாக இருந்ததன்று. குழாயின் பாதுகாப்பை முன்னிட்டு நீதிமன்ற ஆணையின்படி இருபுறமும் குடிசைகள் அகற்றப்பட்டு உருவான வெளி அது. அங்கிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களில் பல, செம்பூரை அடுத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில் இருக்கும் மாகுல் அடுக்ககங்களுக்கு அனுப்பப்பட்டன. அங்குள்ள காற்றைப் பற்றிய முறையீடுகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றிருந்தன. 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம், மாகுலுக்குச் செல்ல விரும்பாதோர்க்கு வாடகைத் தொகை வழங்கும்படி மாநகராட்சியைப் பணித்தது. ஒருவரின் முழங்கால் நலத்துக்கான பாதை இன்னொருவரின் நுரையீரலை விலையாகப் பெற்று வரக்கூடாது. மிதிவண்டித் தடம் வேண்டும் என்போர் அதனை மோட்டார் வண்டிகளின் சாலையிலிருந்து கேட்டுப் பெறவேண்டும். குடிசைகளின் நிலத்திலிருந்து அன்று.

புகையும் நெரிசலும் நிறைந்த நகரில் மிதிவண்டி ஓட்டுவது நன்மையைவிடத் தீமையே தராதா என்ற ஐயம் நேர்மையானது. 2016இல் வெளியான ஒரு கணிப்பாய்வு இதையே ஆராய்ந்தது. நுண்துகள் அளவு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற கடும் மாசிலும், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால்தான் மிதிவண்டியின் தீமை அதன் நன்மையை விஞ்சும் என்பது அதன் முடிவு. அரைமணி நேரம் ஓட்டுபவருக்கு இது ஆறுதல். நாள் முழுதும் ஓட்டும் இட்லி வணிகருக்கு எச்சரிக்கை. விபத்து அச்சத்துக்கோ இத்தகைய ஆறுதல் இல்லை. ஏற்கெனவே காயமுற்ற முழங்காலோடு மழைக்காலக் குழியில் விழுவது எளிதாகக் கடந்துபோகும் செய்தியன்று. சாலை திருந்தும்வரை வீட்டுக்குள் நிற்கும் பயிற்சி மிதிவண்டியும் பயன்தரும். துணி காயப்போடும் கொடியாக அது மாறிவிடாத வரையில்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். முழங்கால் மூட்டுவாதம் ஆண்களைவிடப் பெண்களையே, அதிலும் ஐம்பதைக் கடந்தவர்களையே மிகுதியும் தாக்குகிறது. மாட்டுங்கா, செம்பூர் அடுக்ககங்களில் மாடிப்படிக்கு அஞ்சி வெளியே இறங்காமல் இருப்போர் பெரும்பாலும் அவர்களே. அவர்களுக்கு மிதிவண்டியைப் பரிந்துரைப்பது நகைப்புக்குரியதாக இன்று தோன்றலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி கற்றபோதும் அப்படித்தான் நகைத்தார்கள். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு அது ஓர் இயக்கமானது. சேலை கட்டிய பெண் மிதிவண்டியில் செல்வது அங்கே இயல்பான காட்சியாயிற்று. உடற்பயிற்சி அவர்களது நோக்கமன்று. பிறர் துணையின்றித் தம் விருப்பப்படி சென்றுவருவதே நோக்கம். முழங்கால் வலியால் ஒரு பெண் முதலில் இழப்பதும் அந்த உரிமையைத்தான்.

கல்விப்புலத்தாருக்கு இதில் செயலாற்ற இடமுண்டு. மாட்டுங்காவில் பழம்பெருமை கொண்ட பொறியியல், வேதித் தொழில்நுட்ப நிறுவனங்கள் இருக்கின்றன. செம்பூருக்கு அருகே தேவ்னாரில் சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்து ஆய்வேடு எழுதும் தலைமுறை அங்கே உருவாகிறது. பூட்டி நிறுத்த நிழலான இடம், வியர்வை கழுவ ஒரு குளியலறை, வாயிலிலிருந்து ரயில் நிலையம்வரை பாதுகாப்பான ஒரு கிலோமீட்டர் தடத்துக்காக மாநகராட்சியிடம் ஒரு கோரிக்கை. இவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. பொறியியல் மாணவர்க்கு, பாரம் சுமக்கும் வணிகரின் மிதிவண்டிக்கு மலிவான கியர் அமைப்பு ஒன்றை வடிவமைப்பது நல்ல திட்டப்பணியாகும். சமூக அறிவியல் மாணவர்க்கு, தாராவியின் முழங்கால் வலி யாராலும் முறையாகக் கேட்கப்பட வேண்டிய கதை.

சொல்லையும் மாற்றிக்கொள்ளலாம். ‘மூட்டுவாதம்’ என்ற சொல் நம்மிடம் முன்னரே இருக்கிறது. அது நோயைக் குறிக்கிறதேயன்றி, பயன்படுத்தியதுதான் குற்றம் என்று சொல்வதில்லை. வலியோடு வரும் ஓட்டக்காரரிடம் மருத்துவர் ‘தேய்மானம், ஓய்வெடுங்கள்’ என்று சொல்லி முடிக்காமல், ‘ஓட்டத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள், இருக்கையை உயர்த்தி நாளும் அரைமணி நேரம் மிதியுங்கள்’ என்று எழுதித்தர வேண்டும். அந்தத் தாளோடு அவர் வெளியே வரும்போது, மிதிப்பதற்குச் சாலையில் ஓர் ஓரமேனும் அவருக்கு இருக்கவேண்டும். அதே ஓரத்தில் இட்லிப் பாத்திரத்தோடு எதிரே வருபவருக்கும் இடம் இருக்கவேண்டும்.